மார்கழிக்கு முன் எடுத்த சிவப்புக் கார்

கண்ணா,

நீயும் நித்யாவும் கனடா போய்ச் சேர்ந்து ஆறு நாள் ஆகிறது. வந்து சேர்ந்தோம் என்று நித்யாதான் போன் செய்தாள், நீ செய்யவில்லை. உனக்குத் தூக்கம் சரியில்லை, உடனே ஆபீஸ் வேலை வந்துவிட்டது என்று ஏதேதோ சொன்னாள். நல்ல பெண். பொய் சொல்ல வரவில்லை அவளுக்கு, குரலிலேயே தெரிந்துவிடுகிறது. நான் வாட்ஸ்அப்பில் நான்கு வரி தட்டினேன், அழித்தேன். பேசி அனுப்பலாம் என்று மைக்கை அழுத்தினால், சமையலறையிலிருந்து உன் அம்மா "யாருக்குங்க?" என்று கேட்கிறாள். அதனால்தான் இந்தக் கோடு போட்ட நோட்டு. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். என் கோழிக் கிறுக்கல் புரியாவிட்டால் நித்யாவைப் படிக்கச் சொல். அவளுக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

நீங்கள் கிளம்பிய அன்று நடந்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வாசலில் டாக்சி நின்றது. பெட்டியெல்லாம் ஏற்றியாகிவிட்டது. கல்யாணம் ஆன கையோடு புது ஜோடி முதல்முறையாகக் கிளம்புகிறது என்று உன் அம்மா இரண்டு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து, முட்டி வலியோடு குனிந்து, முன் சக்கரங்களுக்கு அடியில் வைத்தாள். நீ கதவைத் திறந்துகொண்டு மறுபடி இறங்கினாய். இரண்டு பழத்தையும் எடுத்து அவள் கையிலேயே வைத்தாய். "போதும்மா. உங்க நாளு, உங்க நேரம், உங்க எலுமிச்சம்பழம் எல்லாம் பட்டது போதும்" என்றாய். கத்தக்கூட இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. டாக்சி கோவில்பதாகை மெயின் ரோட்டில் திரும்பும் வரைக்கும் அவள் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். எதிர் பிளாட் அம்மா என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "புள்ளைக்கு டயர்டு" என்றாள். பிறகு மாடி ஏறும்போது என்னிடம், "நான் இன்னாங்க பண்ணேன் அவனுக்கு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும். தெரிந்தும், "வுடு, புள்ள ஊருக்குப் போற துக்கத்துல பேசறான்" என்று சொன்னேன்.

அவள் ஒன்றும் பண்ணவில்லை. பண்ணியது நான். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். ஆனால் இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு எழுந்து போனால் நான் தப்பித்துக்கொண்டதாக ஆகிவிடும். முழுதாகச் சொல்கிறேன், நீயும் முழுதாகப் படி.

போன கார்த்திகைக் கடைசியில் நீ அந்த சிவப்புக் காரைப் பற்றிப் போன் செய்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நான் மண்ணூர்பேட்டை ரீட்ரேடிங் கடையில், புது ரப்பர் ஒட்டுவதற்காக லாரி டயர் ஒன்றின் பழைய ரப்பரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கை, முகம், மூக்குத் துளை எல்லாம் கறுப்பு. நீ வீடியோவில் காரைச் சுற்றிக் காட்டினாய். இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்த மாதிரி ஒரு வண்டி. பின் சக்கரம்தான் இழுக்குமாம். சின்ன வயதில் நீ ஆவடி மார்க்கெட்டில் வாங்கிய ஸ்டிக்கரை பீரோ கதவில் ஒட்டி வைத்து, அதைச் சுரண்டியதற்கு என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தாயே, அதே மாதிரிக் கார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரப்பர் தூசி என்று சொன்னேன். கடையில் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். முப்பத்தொரு வருஷம் ஊரான் வீட்டுத் தேய்ந்த டயருக்கெல்லாம் புதுப் பட்டன் ஒட்டிக் கொடுத்தவன், சொந்தமாக ஒரு மொபெட்டைத் தாண்டாதவன், அவன் பிள்ளை ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கிறான். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

அப்புறம்தான் நீ சொன்னாய். காரை விற்கிற பெரியவர் ரொம்ப நல்லவர், பனிக்காலம் முடிகிற வரைக்கும் தன் ஷெட்டிலேயே நிற்கட்டும், ஏப்ரலில் வந்து எடுத்துக்கொள் என்கிறார் என்று. அவ்வளவு நாள் பொறுக்க முடியாவிட்டால் பனிக்காலத்து டயர் ஆர்டர் போட்டிருக்கிறேன், பத்து நாளில் வந்துவிடும், மாட்டிக்கொண்டு எடுக்கிறேன் என்றும் சொன்னாய். யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் உன் உயிருக்குக் கவலைப்பட்டார். நான் என்ன சொன்னேன்?

"இன்னாடா இது, வண்டி எடுக்கறதுக்கு வாய்தா வாங்கறவன் நீதான்டா."

"ப்பா, இதுல இருக்கறது வெயில் காலத்து டயரு. இங்க இருக்கற குளிர்ல ரப்பர் கல்லா இறுகிடும்பா. ரோட்டப் புடிக்காது."

"டேய், டேய். முப்பத்தோரு வருசமா ரப்பரோட கெடக்கறேன். டயரப் பத்தி என்கிட்டயே கதை வுடறியா? பட்டன் தேயாம புத்தம் புதுசா கீதுன்ற, அப்பறம் இன்னா?"

"அது வேறப்பா, இது வேற."

"ஒரு வேறயும் கெடையாது. அம்மா சொல்றா, மார்கழி பொறந்துட்டா வண்டி எடுக்கக் கூடாதாம். அதுக்கு முன்ன எடுத்துடு. அவளுக்கு ஒரே படபடப்பா கீது."

நீ வேறு வழி பார்த்தாய். "அம்மாகிட்ட நான் பேசறேன்" என்றாய். "அவகிட்ட வாதாடாத, பிரஷர் ஏறிடும்" என்று அந்த வழியையும் அடைத்தேன். உன் அம்மா மார்கழியில் ஒரு விளக்குமாறுகூட வாங்க மாட்டாள் என்பது உனக்குத் தெரியும். அதனால் நம்பினாய். நம்புகிற மாதிரிப் பொய் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது.

அவள் அப்படிச் சொல்லவே இல்லை, கண்ணா. அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து, கார் விஷயத்தையும், மார்கழிக்கு முன் எடுப்பதா பனி போன பிறகு எடுப்பதா என்ற பேச்சையும் அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். உன்னிடம் சொல்லச் சொல்லி ஒன்று சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். ஆனால் உன்னிடம் சொல்லவில்லை. அது என்ன என்பதை அவள் சொன்ன வார்த்தையிலேயே கடைசியில் எழுதுகிறேன், அவள் அப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறாள்.

பின்னே எனக்கு என்ன அவசரம்? சொன்னால் சிரிப்பாய், இல்லை, காறித் துப்புவாய். போன மார்கழி இரண்டாம் தேதி கடையில் எனக்கு வழியனுப்பு விழா. முதுகு போய்விட்டது, இனி டயர் தூக்க முடியாது என்று வேலையிலிருந்து நின்றுகொள்ள இருந்தேன். நீ கார் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்ன தீபாவளியிலிருந்தே அதைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருந்தேன். பாஷா இருக்கிறானே, உனக்குத் தெரியும், இருபது வருஷமாக என் எதிரில் உட்கார்ந்து வேலை செய்தவன், அவன்தான், "அண்ணாத்தே, ரெட் காரு போட்டோ இல்லாம வந்தேன்னு வெச்சிக்க, ஒனக்கு பிரியாணி கெடையாது" என்று கிண்டல் செய்தான். வீடியோவைப் பார்த்தும் இரண்டு பேர் நம்பவே இல்லை. கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவனுக்கு ஸ்போர்ட்ஸ் காரா என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அடைக்க எனக்கு ஒரு போட்டோ வேண்டியிருந்தது. நீ காரின் மேல் கை வைத்து நிற்கிற போட்டோ. அவ்வளவுதான். பஞ்சாங்கமும் இல்லை, உன் அம்மாவும் இல்லை. ஒரு போட்டோ.

போட்டோ வந்தது. மார்கழி பிறப்பதற்கு முந்தின நாள், நல்ல நேரம் பார்த்து நீ எடுத்தாய். சுற்றிலும் வெள்ளை வெளேர் என்று பனி, நடுவில் சிவப்புக் கார், டயருக்கு அடியில் அந்த ஊர் மஞ்சள் எலுமிச்சம்பழம். அம்பத்தூரில் கொடுத்துப் பெரிதாக பிரிண்ட் போட்டு, மறுநாளைக்கு மறுநாள் கடைக்கு எடுத்துப் போனேன். எல்லாரும் கை கொடுத்தார்கள். பாஷா அதைக் கம்ப்ரசருக்கு மேலே சுவரில் ஒட்டினான். டயரைப் பார்த்தவுடன் அதன் ஜாதகத்தையே சொல்கிற ஆள் நான். அந்தப் போட்டோவில் டயர் தெளிவாகத் தெரிந்தது. அகலமான பட்டை, ஆழமில்லாத நாலு கோடு, சூடான தார் ரோட்டுக்கென்றே செய்த டயர். பார்த்தேன். பனி அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். நான் இங்கே மாலையோடு பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ அங்கே கையில் கட்டோடு படுத்திருந்தாய் என்பது எனக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்துத்தான் சொன்னாய். "அம்மா பக்கத்துல இருக்காங்களாப்பா?" என்று கேட்டாய். பால்கனிக்குப் போனேன். நீ சொன்னதை இன்றைக்கும் வார்த்தை மாறாமல் சொல்லுவேன். கிளம்பும்போதே பின் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றியதாம், எலுமிச்சம்பழம் நசுங்காமல் பின்னால் தெறித்து ஓடியதாம். அந்தப் பெரியவர் மறுபடியும், விட்டுவிட்டுப் போ என்றாராம். நீ, எங்க அம்மாவுக்கு இந்த நாள் முக்கியம் என்றாயாம். பாலத்திலிருந்து இறங்குகிற வளைவில் சைக்கிள் வேகத்தில்தான் வந்தாயாம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாய், பிரேக்கைத் தொட்டாய், அவ்வளவுதான், வண்டியின் பின்பக்கம் முன்னால் வந்துவிட்டதாம். இரண்டு சுற்று. சத்தமே இல்லையாம். பிறகு பக்கவாட்டில் இரும்புத் தடுப்பு. உன் வலது மணிக்கட்டு உடைந்தது. பக்கத்து சீட்டுக் கதவு உள்ளே வந்து, சீட்டின் பாதி வரைக்கும் மடங்கியிருந்தது. "நித்யா வர்றேன்னு சொல்லியிருந்தாப்பா. ஷிஃப்ட் மாறிடுச்சு, அதனால வரல" என்றாய். அப்போதே அவளுக்கும் அந்த ஊரில்தான் வேலை.

அப்புறம் மெதுவாகச் சொன்னாய். "அம்மாவ குத்தம் சொல்லலப்பா. ஆனா அவங்க புடிச்ச புடி இல்லன்னா அன்னிக்கி நான் எடுத்திருக்கவே மாட்டேன். அவங்ககிட்ட சொல்லாதீங்க, தாங்க மாட்டாங்க."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். ஆனால் என்ன சொன்னேன்? "வுடு நைனா, அவ அப்படித்தான். நான் பேசிக்கறேன்." இதைச் சொன்னது நான்தான். என் பிள்ளை செத்துப் பிழைத்து வந்து சொல்கிறான், அப்போதும் எனக்கு என் நல்ல பெயர்தான் பெரிதாகப் பட்டது. வண்டி எடுக்கச் சொன்னதைக்கூட முட்டாள்தனம் என்று மன்னிக்கலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இது அன்றைக்குப் புதிதாக வந்த புத்தியும் இல்லை. நீ எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடைக்கானல் கூட்டிப்போனார்களே, உன்னை அனுப்பவில்லை. "அம்மா பயப்படறா" என்று சொன்னேன். பயந்தது நான். மலைப்பாதையில் பழைய பஸ், தேய்ந்த டயர், எனக்குத் தெரியாதா என்று நானே கற்பனை செய்து பயந்தேன். அவள் உனக்கு ஸ்வெட்டர்கூட எடுத்துவைத்திருந்தாள். நீ கல்லூரியில் பைக் கேட்டபோதும் அப்படித்தான், அம்மா வேண்டாம் என்கிறாள். நம் வீட்டில் வேண்டாம் எல்லாம் அவள் வாயால், சரி எல்லாம் என் வாயால். இப்படியே உனக்கு நான் சிநேகிதன் மாதிரி அப்பாவாகிவிட்டேன், அவள் தொணதொணப்பு அம்மாவாகிவிட்டாள். அவளுக்கு இது தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் முதல் தடவையே என் காதைத் திருகியிருப்பாள்.

நீ போன் செய்த மறுநாள் நான் ஒரு வேலை செய்தேன். கடையிலிருந்து பாஷாவிடம் சொல்லி, சாதாரணக் கார் டயரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு ரப்பர் வெட்டி வாங்கி வந்தேன். பிளாஸ்டிக் கவரில் சுற்றி நம் வீட்டு ஃபிரீசரில் வைத்தேன். உன் ஊரில் பகலில் நிற்கிற குளிரும் ஃபிரீசர் குளிரும் ஏறத்தாழ ஒன்று என்று நீதான் ஒருமுறை சொன்னாய். மறுநாள் காலையில் எடுத்து நகத்தால் அழுத்தினேன். முப்பத்தொரு வருஷமாக இந்த நகம் அழுத்தினால் உள்ளே போகும், கையை எடுத்தால் திரும்பி வரும். அன்றைக்கு இறங்கவே இல்லை. சமையல் மேடை கிரானைட்டில் வைத்துத் தள்ளினேன், சோப்பு மாதிரி ஓடி அந்தக் கோடியில் இடித்து நின்றது. உன் அம்மா பார்த்துவிட்டு, "இன்னாங்க, ஃபிரிட்ஜுல மாவு வெக்கவே எடமில்ல, டயரக் கொண்டாந்து வெச்சிகினு கீறீங்க?" என்றாள். சும்மா ஒரு டெஸ்ட் என்றேன். எனக்கு ரப்பர் தெரியும் என்று மார்தட்டினேனே, எனக்குத் தெரிந்தது மண்ணூர்பேட்டை வெயிலில் இருக்கிற ரப்பர் மட்டும்தான். என் வேலையில் நானே ஒன்றும் தெரியாதவன் என்று அந்த மேடைக்கு முன்னால் நின்று புரிந்துகொண்டேன். அந்தத் துண்டை இன்னும் தூக்கிப் போடவில்லை, மறுபடி ஃபிரீசரிலேயே வைத்துவிட்டேன்.

காரை நீ விற்றுவிடுவாய் என்று நினைத்தேன். விற்கவில்லை. சரி செய்து, பனிக்காலத்து டயர் மாட்டி, கட்டு பிரித்ததும் மறுபடி எடுத்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடிக்கிடக்கிற பெரிய பார்க்கிங் மைதானத்துக்குப் போய், வேண்டுமென்றே காரைச் சறுக்கவிட்டுச் சறுக்கவிட்டுப் பழகியதாகச் சொன்னாய். பின்பக்கம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும், பிரேக்கைத் தொடக் கூடாது, கண் போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும், ஆக்சிலேட்டரை முட்டையை மிதிப்பது மாதிரி மிதிக்க வேண்டும். "வண்டி வழுக்கப் போவுதுன்னா மொதல்ல இடுப்புக்குத்தான்பா தெரியும், அப்பறம்தான் கைக்கு" என்றாய். குரலில் அவ்வளவு சந்தோஷம். அந்த டயர் ரப்பர் குளிரிலும் மெத்தென்று இருக்கும், பட்டன் முழுக்கக் கத்தியால் கீறின மாதிரி பொடிக் கீறல்கள் என்று நீ விளக்கினாய், நான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி உம் கொட்டினேன். நீ சொல்லச் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்குக் கீழேயே வெட்கமும் இருந்தது.

கல்யாணத்துக்கு வந்தாய். மூன்று வாரம் வீட்டில் இருந்தாய். அவள் எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தையில் பதில். பூந்தமல்லியில் முகூர்த்தப் புடவை எடுக்க நல்ல நேரம் பார்த்தபோது எழுந்து வெளியே போனாய். மேடையில் நித்யா என் காலில் விழுந்தபோது, கையிலிருந்த அட்சதையைப் போட மறந்து நின்றேன். வயசாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அந்த மடங்கின சீட்டுதான் கண்ணில் தெரிந்தது. இப்போது அந்த சீட்டில் தினமும் அவள் உட்காரப் போகிறாள். இந்தப் பனிக்காலமும் வரப் போகிறது.

நீ என்னைவிட நன்றாக ஓட்டுகிறாய், உனக்கு ஓட்டச் சொல்லித்தரும் யோக்கியதை எனக்கில்லை. நீ சொன்னதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். டேங்கில் பாதிக்குக் குறையாமல் பெட்ரோல் வைத்திரு. டிக்கியில் கம்பளியும் மண்வாரியும் இருக்கட்டும். முன்னால் போகிற வண்டிக்கு நீ நினைப்பதைவிட மூன்று மடங்கு இடம் விடு. வீடு பால் காய்ச்சணும், கோயிலுக்குப் போகணும், யாரோ வந்திருக்காங்க போய்ப் பார்க்கணும் என்று இங்கிருந்து யார் தேதி சொன்னாலும், முதலில் ஜன்னலைத் திறந்து வெளியே பார். வெயிலில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் சொல்கிற நாளுக்கு உன் ஊர் ரோடு கட்டுப்படாது. இன்னொன்று. இனிமேல் நான் "அம்மா சொல்றா" என்று ஆரம்பித்தால், "போனை அவங்ககிட்ட குடுங்க" என்று சொல். இதை மட்டும் தயவுசெய்து மறக்காதே.

நேற்று மதியம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபிரீசரிலிருந்து மாவு எடுக்க வந்தவள் அந்த ரப்பர் துண்டைக் கையில் எடுத்து, "இந்தச் சனியன எப்போ தூக்கிப் போடப் போறீங்க?" என்று கேட்டாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றபோது எனக்குத் தாங்கவில்லை. உட்காரச் சொன்னேன். கடைப் போட்டோவிலிருந்து பால்கனியில் நான் சொன்ன அந்த வார்த்தை வரைக்கும் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "கை இப்போ எப்டி கீதாம்? குளிர்ல வலிக்குமா?" என்பதுதான். அப்புறம் நித்யாவைப் பற்றிக் கேட்டாள். அப்புறம் நீ வந்திருந்த மூன்று வாரத்தையும் ஒவ்வொரு நாளாக விரல் விட்டு எண்ணினாள். "ஒரு வருசமா எம்புள்ள என்ன இப்டி நெனச்சிகினு இருந்தானா?" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டாள். அந்த இரண்டு எலுமிச்சம்பழம் இன்னும் ஃபிரிட்ஜ் கதவிலேயே இருக்கிறது.

இன்று காலையில் நான் இதை எழுத உட்கார்ந்தபோது வந்து நின்றாள். உனக்குத்தான் என்று சொன்னேன். "சாக்கு போக்கு எழுதாதீங்க. நான் அன்னிக்கி சொன்னத எழுதுங்க. நான் சொன்ன மாதிரியே எழுதுங்க" என்றாள். எழுதிக் காட்டினேன். ஒரு வார்த்தையைத் திருத்தினாள்.

போன கார்த்திகையில், கீரை ஆய்ந்துகொண்டே, உன்னிடம் சொல்லச் சொல்லி உன் அம்மா என்னிடம் சொன்னது இது. ஒரு வருஷம் தாமதமாகச் சேர்க்கிறேன்:

"மார்கழியாவது ஒண்ணாவது. பனி வுட்டப்பறம் எடுத்துக்கச் சொல்லுங்க. காரு எங்க போவப்போவுது, எம்புள்ள பத்தரமா இருந்தா போதும்."

அப்பா